குடியாத்தம் பக்கம் ஏரி வரத்துக்கால்வாயில் சாக்கடை: கல்வாழைப் படுகை போதுமா?

ஏரிக்கரை:
சுமார் 50 வீட்டுக் கழிவுநீர் வரத்துக்கால்வாய் வழியே ஏரிக்குள் போகிறது. ஆகாயத்தாமரையை அள்ள அள்ள மறுபடி மூடுகிறது. கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியே விட்டு இந்தக் கழிவுநீரைச் சுத்தப்படுத்த எவ்வளவு இடம் தேவை?

பாலாற்றுமணல்:
200 பேர், தலைக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 20 கனமீட்டர். 60 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிற்கும் ஜல்லிப் படுகையில் நீருக்கான இடுக்கு சுமார் 40 சதம்தான். மூன்று நாள் தங்க 250 சதுரமீட்டர், அதாவது சுமார் ஆறேகால் சென்ட். 10–20 மி.மீ. ஜல்லி, சதுரமீட்டருக்கு நாலு கல்வாழை அல்லது சம்பு (நீரோரக் கோரை வகை). நீர்மட்டம் ஜல்லியின் மேல்பரப்புக்கு 5 செ.மீ. கீழேயே நிற்கட்டும், மேலே வந்தால் கொசுதான்.

முன்னால் வண்டல் தொட்டி இல்லாமல் ஆரம்பிக்காதீங்க. ஜல்லி அடைத்துக்கொள்வது பெரும்பாலும் அதனால்தான். ஐப்பசி மழை வெள்ளம் படுகைக்குள் ஏறாமல் பக்கவாட்டில் தனி வழியும் விடணும்.

ஏரிக்கரை:
நன்றிங்க. மேலே தோல் பட்டறைத் தண்ணீரும் கலந்தால்?

மதகடி:
அப்போ இந்தக் கணக்கு செல்லாதுங்க. செடி உப்பை எடுக்காது. ஆவியாதலால் உப்பு இன்னும் கூடும். தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் சேற்றில் தங்கும், அந்த வண்டலை வயலுக்கு அள்ளக் கூடாது. முதலில் நீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து, அதிகாலையிலும் இரவிலும் கால்வாயில் அளந்து பாருங்க. லிட்டருக்கு 2100 மி.கி. தாண்டினால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு.