காசியில் எங்கே தங்கலாம்? போய் வந்த நம்ம ஊர்க்காரர்கள் எழுதுங்கள்

காரைக்குடி கல்லுக்கட்டி

காசிக்கு அறை பிடிக்கும்போது நம்ம ஆட்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, ஜன்னலைத் திறந்தால் கங்கை தெரியுமா என்பதுதான். தெரியும் என்பார்கள், தெரியவும் செய்யும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: வண்டி எதுவரைக்கும் வரும், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும், எத்தனை படி ஏறணும்? இதற்கு நேராகப் பதில் சொல்லாத விடுதிக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும் (அப்பாவுக்கும் அம்மாவுக்கும்) வயதாகிவிட்டது, முடிகிறபோதே காசியைப் பார்த்துவிடணும் என்று கூட்டிக்கொண்டு போனேன். தசாசுவமேதப் படித்துறைக்கும் மணிகர்ணிகைப் படித்துறைக்கும் நடுவில் கங்கையைப் பார்த்தபடி ஒரு விடுதி. வரைபடத்தில் விஸ்வநாதர் கோயிலுக்குப் பக்கம் என்று காட்டியது. போனில் பேசியவர் கார் கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் வரும் என்றார். கார் கோதௌலியா நாற்சந்தியிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் போலீஸ் தடுப்பு. அங்கிருந்து பெட்டிகளைக் கூலி ஆள் தலையில் ஏற்றிவிட்டு, எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளில் நடந்தோம். ஒரு திருப்பத்தில் காளை மாடு படுத்திருந்தது. அதைத் தாண்ட இடமில்லாமல் சுற்றிப் போனோம். விடுதியின் படிகள் பழைய கல்படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அறை மூன்றாவது மாடி. அப்பச்சி எப்படியோ ஏறிவிட்டார், ஆனால் மறுபடி இறங்கப் பயந்துவிட்டார். கங்கைக்கு நேர் மேலேயே இருந்துகொண்டு அங்கே தங்கியவரைக்கும் அவர் கங்கையில் கால் நனைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் கோதௌலியா மெயின் ரோட்டிலேயே லிஃப்ட் உள்ள சாதாரண விடுதிக்கு மாறினோம். ஜன்னலில் கங்கை இல்லை, எதிரே ஒரு சேலைக் கடைப் பலகைதான். ஆனால் காலையில் வாசலிலேயே ரிக்‌ஷா கிடைத்தது, அப்பச்சி படித்துறைக்குப் போய்க் குளித்தார், சாயங்காலம் ஆரத்தி பார்த்தார்.

ஊரின் அமைப்பே அப்படித்தான். தெற்கே அசி முதல் வடக்கே ராஜ்காட் தாண்டி 84 படித்துறைகள் என்று கணக்குச் சொல்வார்கள், எல்லாம் மேற்குக் கரையில். எதிர்க்கரை மணல்வெளி. ஊர் மேட்டில், ஆறு பள்ளத்தில். அதனால் ஆறு தெரிகிற அறை என்றாலே நடையும் படியும் அதிகம். கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது வரம்தான். கிழக்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் எதிரே மணலிலிருந்து எழுவதைப் படுக்கையிலிருந்தே பார்க்கலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் மட்டும் யோசியுங்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, அப்பச்சியைப் பற்றிப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஐயா காலத்திலிருந்தே காசி என்றால் நகரத்தார் என்கிற நம்ம செட்டியார்கள் நடத்துகிற நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம்தான், வேறு இடம் பார்த்ததே இல்லை. கோதௌலியாவிலேயே இருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போகலாம். போய் இறங்கியதும் எந்த ஊர், எந்தக் கோயிலைச் சேர்ந்த நகரத்தார் என்று தமிழில் கேட்பார்கள். நான் தேவகோட்டை, இளையாற்றங்குடி என்றதும் பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி "எங்களுக்கும் இளையாற்றங்குடிதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு தூரம் ரயிலில் போன அலுப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

அங்கே தங்கினால் தவறவே விடக் கூடாதது சம்போ. விஸ்வநாதர் பூஜைக்குப் பால், சந்தனம், விபூதி, வில்வம், பூ எல்லாம் சத்திரத்திலிருந்துதான் தினமும் போகும். தலைமுறை தலைமுறையாக நடக்கிற கட்டளை. "சம்போ, சம்போ" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்கள், அந்தக் குரல் கேட்டால் சந்தில் நிற்கிற கடைக்காரர்கள் தானாக வழி விடுவார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன். நம்ம ஊர்ப் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வியாபாரம் செய்ய, கொண்டுவிற்கப் போன காலத்திலேயே இங்கேயும் ஒரு தர்மத்தை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

பெரிய ஹோட்டல் வசதியை அங்கே எதிர்பார்க்காதீர்கள். சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுகிற இடம். சிக்ராவில் நகரத்தார் கட்டிய புதுச் சத்திரத்தை 2025 அக்டோபர் 31 அன்று திறந்தார்கள், 10 மாடி, 140 அறை. லிஃப்ட் வேண்டும், கொஞ்சம் வசதியாக இருக்கணும் என்கிறவர்களுக்கு அது தோது. ஆனால் அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ பிடித்துத்தான் வரணும்.

கானாடுகாத்தான்காரன்

நம்ம பக்கத்தில் பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிற மாதிரியே காசியிலும் ஹவேலி என்கிற பழைய மாளிகைகளை மாற்றியிருக்கிறார்கள். தர்பங்கா படித்துறையில் பிரிஜ்ராமா பேலஸ் அப்படி ஒன்று, விருந்தாளிகளைப் படகிலேயே கூட்டிக்கொண்டு வருவார்கள். வாடகை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது, வெளியிலிருந்து பார்த்து ரசித்தேன். நான் தங்கியது அதைவிட மிகச் சின்ன ஹவேலி.

இங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டு விடுதியில் வேலை பார்த்தவன் என்பதால் பழைய வீட்டைப் பார்த்தால் எனக்குச் சிலது தெரியும். நடுவில் முற்றம் இருக்கிற வீட்டில் சத்தம் மேலே ஏறும். கீழே ஒருத்தர் டம்ளரை வைத்தால் மேல்தளத்தில் கேட்கும். காசி ஹவேலியிலும் அதேதான். முற்றத்தைப் பார்த்த அறை கொடுத்தார்கள், விடிகிற வரைக்கும் வரவேற்பறை டிவியும் பாத்திரம் கழுவுகிற சத்தமும் காதுக்குள்ளேயே. ஆனால் நம்ம வீட்டு வளவு (முற்றம்) மாதிரி வெளிச்சம் இறங்காது. நாலு பக்கமும் மாடி மேல் மாடி கட்டியதில் முற்றம் கிணறாகிவிட்டது. அறைக்கு வெளிப்பக்க ஜன்னலே இல்லை. மழைக்காலத்தில் அந்தச் சுவரில் உப்புப் பூத்து ஈர வாடை அடித்தது, மேலே புதிதாகச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். புதுப்பூச்சு திட்டுத் திட்டாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆகவே அறைக்கு வெளிச்சுவரில் ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். படம் அனுப்புகிறோம் என்றால் வேண்டாம், அந்த அறைக்குள் நின்று வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். ஜன்னலுக்குக் கம்பிவலையும் இருக்கணும், குரங்குத் தொல்லை அப்படி. கண் முன்னாலேயே மாடியில் காய்ந்த வேட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு மொட்டைமாடிக்குத் தாவிவிட்டது.

இன்னொன்று, கங்கை தெரியும் என்று போட்டிருப்பதில் பாதி மொட்டைமாடியிலிருந்து தெரிகிற கங்கை. 'என் அறைக் கட்டிலிலிருந்து தெரியுமா' என்று கேட்டால்தான் உண்மை வரும்.

பள்ளத்தூர் மருமகள்

நாங்கள் போனது மாமாவுக்குத் திதி கொடுக்க. அந்தக் காரியத்துக்குப் போகிறவர்களுக்கு அனுமான் படித்துறை, கேதார் படித்துறைப் பக்கம்தான் சரி. சுற்றிலும் தமிழ் கேட்கும், சாஸ்திரிகள் வீடுகள் அங்கேயே, காஞ்சி மடம் அங்கே இருக்கிறது, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. கேதார் படித்துறையில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம். பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் இருந்தபோது அத்தை வீட்டில் வளர்ந்ததும் அனுமான் படித்துறையில்தான், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே அவருக்கு நினைவிடம் திறந்தது. என் மகனைக் கூட்டிப்போய்க் காட்டினேன், பாடத்தில் படித்தவர் நடந்த சந்து இது என்றதும் அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

பஞ்சதீர்த்த சிராத்தம் படகிலேயே நடக்கும். அசி, தசாசுவமேதம், வருணை, பஞ்சகங்கை, மணிகர்ணிகை என்று ஒவ்வொரு இடமாக நிறுத்திப் பிண்டம் வைக்கணும். காலையில் சீக்கிரம் ஈரத் துணியோடு படகேறி மதியம் தாண்டித்தான் முடியும். அன்றைக்கு அறை பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் நாத்தனார் குடும்பம் கண்டோன்மெண்ட் பக்கம் நல்ல பெரிய ஹோட்டலில் தங்கினார்கள். அமைதி, தோட்டம், எல்லாம் சரி, ஆனால் காலையில் வரும்போதும் நெரிசல், திரும்பும்போதும் நெரிசல், காரியத்துக்கே பிந்திவிட்டார்கள்.

கேதாருக்குப் பக்கத்தில் அரிச்சந்திர படித்துறை, அங்கே சிதை எரியும். காற்று இந்தப் பக்கம் வீசினால் புகை வரும். மணிகர்ணிகைப் பக்கம் இரவும் பகலும் எரியும். காசி என்றால் அதுவும்தான், எங்களுக்கு உறுத்தவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களும் மட்டும் இரண்டு சந்து தள்ளிப் பாருங்கள்.

புதுவயல்

ஆடி, ஆவணியில் போகிறவர்கள் கவனியுங்கள். நான் போனபோது கங்கை ஏறிக்கொண்டிருந்தது. காசியில் அபாய அளவு 71.262 மீட்டர், 1978 இல் 73.901 வரைக்கும் போயிருக்கிறது. அந்த அளவை நெருங்கினாலே படித்துறைகள் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும், ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கரையோரம் நடக்க முடியாது, படகை நிறுத்திவிடுவார்கள், ஆரத்தியை மாடியில் நடத்துவார்கள். கரையோர விடுதிக்குக் கட்டிய காசுக்கு வாசலில் பழுப்புத் தண்ணீர்தான் மிச்சம். எங்கள் விடுதியில் கீழ்த்தளம் மூடியாகிவிட்டது, பின்வாசல் சந்து வழியாக நுழைந்தோம், ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாதங்களில் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்து, ரோட்டோரமாக எடுங்கள்.

கோட்டையூர்

முன்பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. சத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடியபோது முதலில் வந்த எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசினார், அறை இருக்கிறது, முழுப் பணத்தையும் இப்போதே ஜிபே பண்ணுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவசரப்படுத்தினார். ரசீது கேட்டதும் வேறு ஒரு எண்ணிலிருந்து 'சரிபார்ப்புக்கு' இன்னொரு தொகை கேட்டார்கள். அத்தோடு நிறுத்தி, நம்ம ஊர் நகரத்தார் விடுதியில் விசாரித்து உண்மையான எண்ணை வாங்கினேன். அந்தப் போலி எண்ணுக்கும் சத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காசி போய் வந்த வீடு நம்ம தெருவில் ஒன்றாவது இருக்கும், அங்கே எண் வாங்குங்கள்.

கண்டனூர் மகள்

எல்லாரும் எழுதியதைப் படித்தேன், ரொம்ப நன்றி. மார்கழிக் கடைசியில் ஆத்தாளைக் கூட்டிப் போகிறேன், முழங்கால் வலி உண்டு. விஸ்வநாதர் மங்கள ஆரத்தி பார்க்கணும் என்று ஒரே ஆசை. எங்கே எடுக்கட்டும்?

காரைக்குடி கல்லுக்கட்டி

தங்கச்சி, மங்கள ஆரத்தி விடிகாலை 3 மணிக்கு. அதற்கு முன்னாலேயே வரிசையில் நிற்கணும், அந்த நேரத்தில் தூரத்திலிருந்து ஆட்டோ நம்பி வர முடியாது. அதனால் கோதௌலியாவிலேயே, மெயின் ரோட்டில், லிஃப்ட் உள்ளதாகப் பாருங்கள். கோயிலுக்குள் போன், பை எதுவும் விடமாட்டார்கள். அறை பக்கத்தில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போகலாம், பெட்டகத்துக்கு வரிசை நிற்க வேண்டாம். ஆரத்திச் சீட்டை முன்கூட்டியே கோயிலின் இணையதளத்தில் எடுத்துவிடுங்கள்.

கங்கையை ஆத்தாள் பார்க்கணும் என்றால் ஒரு நாள் படகு பிடித்து லலிதா படித்துறைக்குப் போங்கள். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகத்து வழி அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு வருகிறது, பழைய சந்துகளில் நுழைய வேண்டாம்.

மார்கழியில் பனிமூட்டம் கடுமையாக இருக்கும். ரயில் பல மணி நேரம் பிந்தும், காலையில் இறங்குவதாக இருந்தால் ராத்திரி இறங்குவீர்கள். பிந்தி வந்தாலும் அறை இருக்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். நம்ம ஊர் மார்கழி மாதிரி நினைத்துப் போர்வை ஒன்றோடு போகாதீர்கள். கீசர் வேலை செய்கிறதா என்பதோடு, அறைக்கு ஹீட்டர் தருவார்களா, அதற்குத் தனிக் காசா என்றும் இப்போதே கேளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி

அப்புறம், அந்தக் குளிரில் கிடைக்கிற 'மலையோ' என்கிற இனிப்பை வாங்கிக் கொடு, பால் நுரையில் குங்குமப்பூ போட்டுச் செய்வார்கள், வெயில் ஏறினால் கிடைக்காது. முழங்காலுக்கு ஒரு கைத்தடி இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போ, ஆத்தாளுக்குப் பழகின தடியாக இருக்கட்டும்.