மறு: முழுச் சுவரின் ‘யூ மதிப்பு’க்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

காட்பாடி ஆசிரியர்:
வணக்கம். பாலிடெக்னிக் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘வெப்பக் கடத்துத்திறன்’ என்ற சொல் இருக்கிறது. அது செங்கல், சிமெண்டு போன்ற பொருளுக்கு உரியது. எனக்கு வேண்டியது முழுச் சுவருக்கான எண், ஆங்கிலத்தில் ‘யூ மதிப்பு’ (U-value) என்பது. உள்பூச்சு, ஒன்பது இஞ்சு செங்கல், வெளிப்பூச்சு, இரு பக்கமும் சுவரை ஒட்டி நிற்கும் காற்று, இவை ஒவ்வொன்றும் வெப்பத்துக்குத் தரும் தடைகளைக் கூட்டி, ஒன்றை அந்தத் தொகையால் வகுத்தால் வருவது. நம் ஊர்ச் சுவருக்குச் சுமார் 2. அதாவது உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபட்டால் ஒரு சதுர மீட்டரில் 2 வாட் புகும்.

குடியாத்தம்:
வெப்பக் கடவெண். கட, கடவு, கடத்து எல்லாம் ஒரே வேர். கடத்துத்திறன் பொருளுக்கு, கடவெண் சுவருக்கு. கடவுளும் இந்த வேர்தான், அது தனிக்கதை.

ஆரணி:
தனிக்கதையாகவே இருக்கட்டும் ஐயா. கடவு முற்றியலுகரம். இடையில் ‘வ்’ என்ற உடம்படுமெய் பெற்றுக் ‘கடவுவெண்’ என்றல்லவா வரும்?

குடியாத்தம்:
‘முற்றும் அற்று ஒரோவழி’, அதாவது முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும் என்கிறது நன்னூல், அம்மா. அளவு, இல்லை சேர்ந்தால் அளவில்லைதானே?

வாலாஜா:
சந்தி சரி. ஆனால் கடவுச்சொல் தெரிந்த பிள்ளைக்குக் கடவெண் என்றால் ஏ.டி.எம். அட்டையின் நாலு இலக்கம்தான் ஞாபகம் வரும். சுவருக்கு எதற்கு சார் பின் நம்பர் என்பான். யூ மதிப்பு என்றே விடுங்கள். மேஸ்திரிக்கு அதுவும் வேண்டாம், ‘சூடு இறங்காது’ என்றால் போதும்.

குடியாத்தம்:
ஓர் ஆங்கில எழுத்தை வைத்துக்கொண்டு கலைச்சொல் என்பதா? என்னைக் கேட்டால் வெப்பத்தையும் விட்டு ‘வெம்மைக் கடவெண்’ என்பேன். தொல்காப்பியம் உரியியலிலேயே வெம்மை இருக்கிறது.

ஆரணி:
இருக்கிறது, ‘வெம்மை வேண்டல்’ என்று. அங்கே அதற்கு விருப்பம் என்று பொருள். கத்திரி வெயிலில் வேலூர்க்காரர் யாரும் அதை வேண்டமாட்டார்.

வேலூர் (கட்டடப் பொறியாளர்):
ஒரு நிமிடம். சுவரின் இரு பக்க வெப்பநிலையும் மாறாமல் இருந்தால்தான் இந்த எண் முழுசாகப் பொருந்தும். நம் ஊரில் அப்படியா இருக்கிறது? ஒன்பது இஞ்சு சுவரில் பட்ட மதிய வெயில் உள்ளே வர ஆறேழு மணி நேரமாகும். அதனால்தான் ராத்திரி சாப்பிட்டு உட்காரும்போது சுவர் கொதிக்கிறது. நம் கோட்டைக் கருங்கல் செங்கல்லைவிட வேகமாகக் கடத்தும், ஆனால் அந்தத் தடிமனுக்கு வெயில் மறுபக்கம் தெரிய வெகுநேரமாகும். இந்தத் தாமதத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘வெப்பப் பிந்தல்’ சரிவருமா பாருங்கள். இருபது சென்டிமீட்டர் ஏ.ஏ.சி. பிளாக்கில் (உள்ளே காற்றுக்குமிழி நிறைந்த இலேசான சிமெண்டுக் கல்) யூ மதிப்பு ஒன்றுக்கும் கீழே வரும். குறையக் குறைய நல்லது என்பதை மாணவர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் முதலில் ‘வெப்பத்தடை’யைச் சொல்லிக்கொடுங்கள், அடுக்கு அடுக்காகக் கூட்டலாம், கூடக் கூட நல்லது. (ஒற்றை மாடி வீட்டில் மொட்டைமாடியை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது வேறு இழை.)

வாலாஜா:
வெப்பத்தடைக்கு என் ஓட்டு.

காட்பாடி ஆசிரியர்:
சரி. அட்டவணையில் வெப்பத்தடை, தலைப்பில் யூ மதிப்பு. பிந்தலையும் சேர்த்துக்கொள்கிறேன். கடவெண்ணை அடைப்புக்குறியில் போடலாமா?

குடியாத்தம்:
அடைப்புக்குறியில் வேண்டாம். போட்டால் தலைப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். என் மறுப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.