அசகுசாவில் கைக்கு வந்த முள்ளங்கி

திருச்சிக்காரி:
டோக்கியோ அசகுசாவில் இருக்கிற மத்சுச்சியாமா ஷோதென் கோயிலுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சென்சோஜி என்கிற பெரிய புத்தர் கோயிலின் கூட்டத்தை விட்டு ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் வருகிற சின்ன மேடு. அங்கே இருப்பவர் காங்கிதென், நம் பிள்ளையார்தான். திருவுருவைக் காட்டமாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் மலைக்கோட்டைப் படியேறி வளர்ந்தவள், தும்பிக்கை நுனியாவது தெரியாதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

கண்ணில் பட்டதெல்லாம் முள்ளங்கி. நாம் தேங்காய் வாங்குவதுபோல அங்கே முள்ளங்கி வாங்கிப் படைக்கிறார்கள். படைத்ததை அப்புறம் வருகிறவர்களுக்கே தந்துவிடுகிறார்கள். எனக்கும் ஒன்று. ஒற்றைக் கையால் எடுக்கப் போனேன். பக்கத்தில் நின்ற பாட்டி அதைத் தன் இரு கைகளாலும் எடுத்து, என் இரு கைகளிலும் வைத்தார். சில்லென்று, நல்ல கனம்.

மறுநாள் காலை விமானம், அறையில் அடுப்பு கிடையாது. மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆறு மாதம் ஆகியும் பிரசாதத்தை விட்டுவந்தது உறுத்துகிறது.

வழிப்போக்கன்:
‘நம் பிள்ளையார்தான்’ என்று ஒரே போடாகப் போடாதீர்கள் அக்கா. வேர் விநாயகர், சரி. ஆனால் அங்கே அவர் பௌத்தத்தைக் காக்கும் தேவர். யானைமுகத்தோடு இருவர் தழுவி நிற்கிற வடிவத்தில்தான் பெரும்பாலும் இருப்பார்.

எனக்கு இது உறைத்தது கியோட்டோவில், சன்ஜூசான்கென்தோ என்கிற புத்தர் கோயிலில். கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்கு 1001 சிலைகள், காவலுக்கு 28 தேவர்கள். அதில் ஒருவருக்கு அலகு, சிறகு. கருடன்! பெருமாள் முன்னால் கைகூப்பியே பார்த்துப் பழகியவர், அங்கே புல்லாங்குழல் வாசிக்கிறார். படம் எடுக்கத் தடை. நகர மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

திருச்சிக்காரி:
எண்ணெயைச் சூடாக்கிக் காங்கிதென் திருவுருவுக்கு ஊற்றுகிறார்களே தம்பி, அது எண்ணெய்க்காப்பு இல்லாமல் வேறென்ன?

கியோட்டோ மழை:
அக்கா, வருத்தப்படாதீர்கள். பச்சைக் காய்கறியைச் சான்றிதழ் இல்லாமல் ஊருக்குக் கொண்டுவர விடமாட்டார்கள்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜப்பானின் பழைய சமயமான ஷின்டோவின் ஆலயத்தில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் தட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். உண்டியலில் போட ஐந்து யென் நாணயம் சேர்த்து வையுங்கள். அதை ‘கோஎன்’ என்பார்கள், உறவு, பந்தம் என்கிற சொல்லும் அதே ஒலிதான். கோயில் முத்திரை வாங்குகிற கோஷுயின் புத்தகத்தை முதல் கோயிலிலேயே வாங்கிவிடுங்கள், அதற்குச் சில்லறையும் வேண்டும். செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், கயிறு கட்டுகிற ஷூ வேண்டாம். கியோட்டோவில் கல் தோட்டம் இருக்கிற ரியோஆன்ஜி கோயிலுக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள், அப்புறம் திண்ணையில் உட்கார இடமிருக்காது.

அந்தத் தோட்டத்தில் 15 கல், எங்கே உட்கார்ந்தாலும் ஒன்று மறையும். நான் 14 வரை எண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பள்ளிப் பையன் தள்ளி உட்கார்ந்து, இங்கே வாருங்கள் என்று தரையைத் தட்டினான். போனேன். மறைந்த கல் தெரிந்தது, முன்னால் எண்ணிய ஒன்றைக் காணவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருச்சிக்காரி:
அறையைச் சுத்தம் செய்ய வந்தவர் அந்த முள்ளங்கியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் போதும்.