வீட்டுக்குப் பின்னால் மனமகிழ் மன்றம், நள்ளிரவு வரை சத்தம்: யாரிடம் போவது?

முதல்_ஷிப்ட் (கிருஷ்ணகிரி) எழுதியது:

வணக்கம். கிருஷ்ணகிரி டவுனுக்குள் சொந்த வீடு, பதினொரு வருஷமாக இருக்கிறோம். எங்கள் பின் சுவரை ஒட்டி முன்பு மாங்காய் குடோன் ஒன்று இருந்தது. சீசனில் லாரி வரும், வாசனை வரும், போய்விடும். போன ஆடியில் அந்த இடத்தில் மனமகிழ் மன்றம் என்று போர்டு வைத்தார்கள். கேரம், செஸ் விளையாடுவார்கள் போல என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். கேரம் போர்டு இருக்கிறதாம். அதன்மேல் மது பாட்டிலும் சைடிஷ் தட்டும் வைக்கிறார்கள் என்று கேள்வி.

நான் ஓசூரில் வேலை. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் காலை 4.40-க்கு வரும். ஒன்பதரைக்குப் படுத்தால்தான் உண்டு. ஆனால் அங்கே மாடியில் பாட்டுப் போடுவதே ஒன்பதரைக்கு. பாட்டுகூட அவ்வளவாகக் கேட்காது, அடி மட்டும் சுவர் வழியாக வரும். எங்கள் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் ஒரு எவர்சில்வர் தட்டு அதற்குச் சரியாகக் கிணுகிணுக்கும். அதை எடுத்துக் கீழே வைத்தால் அடுத்த தட்டு ஆரம்பிக்கும். இப்போது ராத்திரியானால் எல்லாத் தட்டுகளுக்கும் நடுவில் துணி சொருகி வைக்கிறாள் என் மனைவி.

பதினொன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். அது வெளியே போகிறவர்களுக்கு அல்ல, ரோட்டில் போகிற ஜீப்புக்கு. பன்னிரண்டேகாலுக்குப் பைக்குகள் கிளம்பும். கிளம்புவதற்கு முன் எங்கள் காம்பவுண்ட் சுவர். பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்றும் உள்ள டைல்ஸ் வாங்கி ஒட்டினேன். பக்திமான்கள்தான், நாலடி தள்ளிப்போய் நிற்கிறார்கள்.

ஒரு அலுவலகத்துக்குப் போனேன். எது என்று இங்கே எழுத விரும்பவில்லை. "லைசென்ஸ் நாங்கள் கொடுப்பதில்லை" என்றார்கள். இன்னொரு இடத்தில் "சத்தம் எங்கள் வேலை இல்லை" என்றார்கள். இரண்டு முறை 100-க்குப் போன் செய்தேன், வந்தார்கள், பாட்டு நின்றது, போனார்கள், பாட்டு வந்தது. பெரியவளுக்கு இந்த வருஷம் பிளஸ் டூ. மன்றத்தையே மூடவைக்கும் ஆசையெல்லாம் எனக்கு இல்லை. பத்து மணிக்கு மேல் தூங்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடம் போவது?

பழைய_பைல் (தருமபுரி) எழுதியது:

தம்பி, நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி மனுக்களை முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி மனுக்கள் "மேற்படி மது அருந்தும் கூடத்தை உடனே மூட வேண்டும்" என்று ஒரே வரியில் முடியும். அதைப் படிக்கிற கிளார்க் எந்த சீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரு நகல் போடுவார். எல்லாருக்கும் போனால் யாருக்கும் போகவில்லை என்று அர்த்தம்.

முதலில் இது டாஸ்மாக் கடை இல்லை. கடை மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடும். அதை ஒட்டிய பாரை டெண்டர் விட்டு நடத்துவது டாஸ்மாக்கின் மாவட்ட மேலாளர் அலுவலகம். உங்களுடையது எஃப்.எல்.2, அதாவது கிளப்புக்கான மது உரிமம், 1981-ஆம் வருஷ மது உரிம விதிகளின் கீழ் வருவது. அதைக் கொடுப்பது சென்னையில் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை ஆணையர். மாவட்டத்தில் அதைப் பார்ப்பது கலெக்டர் ஆபீசில் உள்ள கலால் உதவி ஆணையர். நகராட்சிக்கு இதில் கை இல்லை என்று அவர்கள் சொன்னால் அந்த அளவுக்கு அது உண்மை. கிளப் உரிமம் என்பது உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வரும் விருந்தினர்களுக்கும் மட்டும். ரோட்டில் போகிறவர் உள்ளே போய்க் காசு கொடுத்துக் குடித்துவிட்டு வந்தால் அது மன்றம் இல்லை, பார்.

ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலால் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு: உரிமத்தின் நகல், அதில் குறித்த நேரம், உரிமம் பெற்ற இடத்தின் வரைபடம், உறுப்பினர் எண்ணிக்கை. முப்பது நாளில் பதில் வரவேண்டும். அந்த வரைபடம்தான் முக்கியம். மாடி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் கீழ்த்தளத்துக்கு வாங்கிவிட்டு மாடியில் தகரம் போடுவதுதான் வழக்கம்.

அடுத்தது சத்தம். அதற்கு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு என்றால் 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதியில் இரவு அளவு 45 டெசிபல். தனியார் இடத்தில் உள்ள ஸ்பீக்கர் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5-க்கு மேல் கூடக் கூடாது. "உள் அரங்கம் சார்" என்று சொல்வார்கள், மூடிய அரங்குக்கு விதிவிலக்கு உண்டு. மாடியில் இருப்பது நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை என்றால் அது எப்படி மூடிய அரங்கு ஆகும்? அதை போட்டோ எடுத்து வையுங்கள். இந்த விதியில் அதிகாரம் உள்ளவர்கள் கலெக்டரும், டி.எஸ்.பி.க்குக் குறையாத போலீஸ் அதிகாரியும். 100-க்கு வருகிற ஜீப் அல்ல.

நகராட்சியிடமும் போக வேண்டும், ஆனால் மதுவைப் பற்றிப் பேசாமல். குடோனுக்கு வாங்கிய கட்டட அனுமதியில் கிளப் நடத்தலாமா? மாடிக் கொட்டகைக்கு அனுமதி உண்டா? கழிவுநீர் எங்கே போகிறது? குப்பை யார் எடுக்கிறார்கள்? இதெல்லாம் அவர்கள் வேலை. தட்டிக்கழிக்க முடியாது. உங்கள் காம்பவுண்ட் கதையைப் படித்தால் அங்கே கழிப்பறையே போதவில்லை என்று தெரிகிறது. அதை நாலு வரி எழுதுங்கள்.

எதுவும் நடக்கவில்லையென்றால் ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், பொதுத் தொல்லை மனு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 152. எந்த லைசென்ஸ் இருந்தாலும் ஊருக்குத் தொல்லை என்றால் நிபந்தனை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் முதலில் கேட்பது தேதி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, சத்தத்தைத் தேதி நேரம் போட்டு எழுத இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

சிப்காட்_மணி எழுதியது:

ஹைவேயில் இருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதே சார்? பைபாஸ் பக்கம்தானே கிருஷ்ணகிரி முழுக்க.

பழைய_பைல் எழுதியது:

2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தமிழ்நாட்டில் இருந்து போன வழக்குதான். 2017 ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இருக்கிற உரிமங்களுக்கு அது தடை இல்லை என்று விளக்கம் வந்துவிட்டது. இதை நம்பி இறங்கினால் ஒரு வருஷம் போகும்.

மத்தூர்_பக்கம் எழுதியது:

அண்ணா, சார் சொல்வதெல்லாம் சரி, ஆனால் தனியாகப் போகாதீர்கள். எங்கள் ஊரில் டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி நாங்கள் போனபோது முதல் மூன்று மனுவும் என் வீட்டுக்காரர் பெயரில். "உங்களுக்கும் அவர்களுக்கும் என்ன தகராறு?" என்றுதான் கேட்டார்கள். அப்புறம் அக்டோபர் 2 கிராமசபையில் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து தீர்மானம் போட்டோம். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை மனு நாளுக்குப் போனோம். ஏழு மாதம் ஆனது. கடை ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனது. இப்போது அங்கே இருக்கிறவர்கள் மனு எழுதுகிறார்கள், எனக்கு அதுவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. டவுனில் கிராமசபை இல்லை, பகுதி சபை உண்டு. கவுன்சிலரிடம் எப்போது என்று கேளுங்கள். காலையில் வாசலில் பாட்டில் மூடி பொறுக்குகிற பெண்கள் பேசினால் எடுபடும்.

பாலக்கோடு_டு_லெஸ்டர் எழுதியது:

இங்கிலாந்தில் இருந்து ஒரு ஒப்பீடு. இங்கே பப் லைசென்ஸ் கொடுப்பதே கவுன்சில்தான் (நம் நகராட்சி மாதிரி), 2003 லைசென்சிங் சட்டப்படி. புதிதாக ஒருவர் விண்ணப்பித்தால் அந்தக் கட்டடத்தின் மேலேயே வெளிர்நீலத் தாளில் நோட்டீஸ் 28 நாள் ஒட்ட வேண்டும். தெருவில் போகிற யாரும் படித்துவிட்டு ஆட்சேபம் எழுதலாம். கொடுத்த பிறகும் யார் வேண்டுமானாலும் மறுபரிசீலனை கேட்கலாம். பொதுவாக மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். நேரத்தைக் குறைக்கலாம், பாட்டை மட்டும் நிறுத்தலாம், மூன்று மாதம் வரை சஸ்பெண்ட் செய்யலாம், ரத்தும் செய்யலாம். அதற்காகச் சனிக்கிழமை இரவு இங்கே அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரியும், அவ்வளவுதான். அண்ணனுக்குப் போர்டு வைத்த பிறகுதானே தெரிந்தது?

முதல்_ஷிப்ட் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தெருவில் பதினாறு வீடு, பதினாலு கையெழுத்து. மீதி இரண்டில் ஒருவர் மன்றத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறார், அவர் பிழைப்பு. இன்னொருவர் உறுப்பினராம்! அவரிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டேன், சிரித்தார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன். ஒன்று அல்ல, மூன்று: கலாலுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று. மது என்ற வார்த்தை முதல் மனுவில் மட்டும். தகவல் உரிமை மனுவும் தபாலில் போய்விட்டது, பதில் இன்னும் வரவில்லை. மத்தூர்க்காரர் சொன்னபடி என் மனைவியும் எதிர்வீட்டு அக்காவும் கூட வந்தார்கள். அக்கா ஒரு வாரம் பொறுக்கிய மூடிகளை எடைக்குப் போடாமல் பையோடு கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான் எழுதிய இரண்டு பக்கத்தைவிட அந்தப் பையைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

போன புதன்கிழமை யாரோ வந்து மாடியை அளந்துவிட்டுப் போனார்கள். எந்தத் துறை என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஒரு ஸ்பீக்கர் கீழே இறங்கியிருக்கிறது.

நோட்டில் இருபது நாள் ஆகிவிட்டது. நேற்று தட்டு நின்ற நேரம் 10.50. இன்று சனிக்கிழமை. துணியை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.