பட்டியல் சோதனையில் மைனஸ் விடை வருகிறது: தவறு எங்கே?

ஆய்வுமேசை

வேறு மதத்தவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் எத்தனை பேருக்கு மனம் ஒப்பாது என்று அளக்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்கிறார்கள். அதனால் பட்டியல் சோதனை. குலுக்கல் முறையில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 4 வரிகள், மறு குழுவுக்கு அதே நான்கோடு வேறு மதத்தவர் குடிவருவது என்ற வரியும் சேர்த்து 5. "இவற்றில் எத்தனை உங்களுக்குப் பிடிக்காது? எது எது என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும்" என்பது கேள்வி.

பொது வரிகள்: குடிநீரில் சாக்கடை கலப்பது, வேலை நடக்க லஞ்சம் கேட்பது, விலைவாசி ஏறுவது, தெருவில் குப்பை கொட்டுவது.

பைலட்டில் (முன்னோட்டச் சோதனையில்) குழுவுக்கு 150 பேர். 4 வரிக் குழுவின் சராசரி 3.62 (திட்ட விலக்கம், அதாவது விடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, 0.6), 5 வரிக் குழுவின் சராசரி 3.48 (விலக்கம் 0.9). கழித்தால் −0.14. இந்த வித்தியாசம்தான் கூடுதல் வரி பிடிக்காதவர்களின் விகிதம் என்கிறார்கள்; சதவீதம் எப்படி மைனஸில் வரும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். கடைசியில் வைத்த கவனச் சோதனைக் கேள்வியில் (கேள்வியைக் கவனித்துத்தான் பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பது) தவறியவர்களை நீக்கினால் இது −0.05 ஆகிறது. நீக்கிவிடலாமா? முழு ஆய்வுக்கு மொத்தம் 1,000 பேர்தான் கிடைப்பார்கள்.

எண்சுவடி

கோளாறு உங்கள் நான்கு வரிகளில் இருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் யாருக்குப் பிடிக்கும்? சராசரி 3.62 என்றாலே பெரும்பாலானோர் நான்கையும் எண்ணிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் 5 வரிக் குழுவில் இருந்து, ஐந்தாவதும் அவருக்கு உண்மை என்றால், "ஐந்து" என்று சொல்ல வேண்டும். சொன்ன நொடியே குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் நாலு, மூன்று என்று குறைத்துச் சொல்லித் தப்பிக்கிறார். இதை உச்சவரம்பு விளைவு என்பார்கள். யாருக்கும் பொருந்தாத வரிகளை வைத்தால் இதே சிக்கல் சுழியத்தின் பக்கம் வரும்.

அதோடு தற்செயலையும் தள்ளிவிட முடியாது. உங்கள் எண்களைப் போட்டால் ஸ்டாண்டர்ட் எர்ரர் (தற்செயலால் விடை எவ்வளவு ஆடும் என்ற அளவு) √(0.36/150 + 0.81/150) ≈ 0.088. அதில் ஏறக்குறைய இரு மடங்கை இருபுறமும் வைத்தால் வரும் 95% இடைவெளி −0.31 முதல் +0.03 வரை போகிறது. சுழியம் அதற்குள்ளேயே இருக்கிறது.

1,000 பேர் என்பதை இப்போதே நன்றாக யோசித்துவிடுங்கள். குழுவுக்கு 500, விலக்கம் 1 என்று வைத்தால் எர்ரர் 0.063, அதாவது ±12 சதவீதப் புள்ளி. உண்மை 20% என்றாலும் உங்கள் விடை 8-லிருந்து 32 வரை எங்கே வேண்டுமானாலும் விழும். அதே 1,000 பேரிடம் நேரடியாகக் கேட்டால் ±2.5தான். ரகசியத்துக்கு நாம் கொடுக்கிற விலை இது. விலக்கத்தை 1-லிருந்து 0.7-க்கு இறக்கினால் சாம்பிளை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும், ±9 அளவுக்கு வந்துவிடும். அதற்கு வழி, எதிரெதிர் வரிகள்: ஒன்று பிடிக்காதவருக்கு மற்றது பிடிக்கும் என்ற மாதிரி ஒரு ஜோடி.

கவனச் சோதனையில் தவறியவர்களை நீக்கவே கூடாது. அந்தக் கேள்வி பட்டியலுக்குப் பிறகு வருகிறது. 5 வரி படித்தவர்களும் 4 வரி படித்தவர்களும் ஒரே மாதிரி சலிப்படைந்திருக்க மாட்டார்கள். அதை வைத்து ஆட்களை விலக்கினால் குலுக்கலில் கிடைத்த சமநிலை போய்விடும், மிஞ்சுகிறவை ஒப்பிடத் தகாத இரண்டு குழுக்கள். கவனச் சோதனையைக் குலுக்கலுக்கு முன்னால் வையுங்கள். அங்கே தவறியவரை விலக்குவதில் குற்றமில்லை.

களநடை

எண்கள் ஒருபக்கம் இருக்கட்டும். இதை வாய்வழியாக நடத்துகிறீர்களா? அப்படியானால் வழக்கமாகக் கெடுகிற இடம் ஒன்று உண்டு. கணக்கெடுப்பாளர் ஒவ்வொரு வரியாக வாசிக்க, எதிரில் இருப்பவர் "ஆமா", "இல்லை" என்று வரிக்கு வரி பதில் சொல்லிக்கொண்டே வருவார். முறை அங்கேயே செத்துவிடும்.

முதலில் தீங்கில்லாத ஒரு பயிற்சிப் பட்டியல் கொடுங்கள். "நேற்று இவற்றில் எத்தனை செய்தீர்கள்: நடந்தீர்களா, சமைத்தீர்களா, போனில் பேசினீர்களா?" என்பது போல. எண்ணிக்கை மட்டும் சொல்லப் பழகிவிடுவார். கையில் ஐந்து கூழாங்கல் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பொருந்துகிற வரிக்கு ஒரு கல்லை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றச் சொல்லலாம். விரல் விட்டு எண்ணினால் கணக்கெடுப்பாளருக்குத் தெரிந்துவிடும். இரண்டு குழுவுக்கும் ஐந்து கல்தான். ஒரு குழுவுக்கு நான்கு கொடுத்தால் நடைமுறையே மாறிவிடுகிறது.

யாருக்கு எந்தப் பட்டியல் என்பதை மனிதர் முடிவு செய்யவே கூடாது. "காலையில் ஏ, மாலையில் பி" என்று பிரித்தால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் ஒரே குழுவில் சேர்ந்துவிடுவார்கள். டேப்லெட்டே குலுக்கட்டும். ஓடிகே (டேப்லெட்டில் தரவு திரட்டும் மென்பொருள்) படிவம் என்றால் வெறும் ரேண்டம் (தற்செயல் எண் தரும் கட்டளை) போதாது, அதை ஒன்ஸ் (ஒருமுறை மட்டும் கணக்கிடச் சொல்லும் கட்டளை) என்பதற்குள் போடுங்கள். இல்லாவிட்டால் படிவம் மறுபடி கணக்கிடும்போது புது எண் விழுந்து, ஒரே ஆளுக்குப் பட்டியல் நடுவில் மாறிவிடும். வரிகளின் வரிசையையும் கலைத்துக் காட்டுங்கள், எந்த வரிசையில் காட்டினீர்கள் என்பதையும் சேமியுங்கள்.

ஒப்புநோக்கி

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் 1,000 பேருக்கு ஒற்றைப் பட்டியல் போதாது. இரட்டைப் பட்டியலுக்குப் போங்கள். ஏ, பி என்று தனித்தனிப் பொது வரிகளோடு இரண்டு பட்டியல். பாதிப் பேருக்கு உங்கள் வரி ஏ-யில் வரும், மீதிப் பேருக்கு பி-யில். எல்லாரும் இரண்டுக்கும் பதில் சொல்வார்கள். இரண்டு கழித்தல்களின் சராசரியே விடை. எர்ரர் ஏறக்குறைய √2-ஆல் குறையும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இரண்டு விடைகளும் வெகுவாக முரண்பட்டால், ஏதோ ஒரு பட்டியல் பழுது என்று உடனே தெரிந்துவிடும்.

நேரடிக் கேள்வியையும் தூக்கி எறியாதீர்கள். பட்டியல் முடிந்த பிறகு எல்லாரிடமும் கேளுங்கள். "ஆமாம், பிடிக்காது" என்று வாய்விட்டுச் சொன்னவரை அப்படியே எடுத்துக்கொண்டு, "இல்லை" என்றவர்களிடையே மட்டும் பட்டியல் கழித்தலைப் போட்டு இரண்டையும் சேர்க்கலாம். இந்த விஷயத்தில் இல்லாததை இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற அனுமானமும், எந்தப் பட்டியல் வந்தது என்பது நேரடிப் பதிலை மாற்றாது என்ற அனுமானமும் இதற்குத் தேவை. நியாயமான அனுமானங்கள்தான்.

கேள்வியின் சொல் மேலும் கவனம் வையுங்கள். டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் 1941-இல் வெளியிட்ட அமெரிக்கச் சோதனையில், ஜனநாயகத்துக்கு எதிரான மேடைப்பேச்சை "அனுமதிக்கலாமா" என்று கேட்டபோது 62% பேர் கூடாது என்றார்கள். "தடை செய்யலாமா" என்று கேட்டபோது 46% பேர்தான் ஆம் என்றார்கள். "பிடிக்காது", "எரிச்சல்", "ஆட்சேபிப்பேன்" மூன்றும் ஒன்றல்ல. ஒன்றைத் தேர்ந்து, பட்டியலிலும் நேரடிக் கேள்வியிலும் எழுத்து மாறாமல் அதையே வையுங்கள்.

ஆய்வுமேசை

மூவருக்கும் நன்றி. பட்டியலை மாற்றிவிட்டேன்: (1) ஆடம்பரமாகத் திருமணம் நடத்துவது, (2) யாரையும் அழைக்காமல் திருமணம் நடத்துவது, (3) தெருவில் குப்பை கொட்டுவது, (4) தெருவில் மரம் நடுவது. எதிரெதிர் ஜோடியும் இருக்கிறது, விலக்கமும் நன்றாகக் குறையும். சரிதானே?

எண்சுவடி

குறைந்தது அளவுக்கு மீறிவிட்டது. எண்ணிப் பாருங்கள். குப்பை எல்லாருக்கும் பிடிக்காது, மரம் எல்லாருக்கும் பிடிக்கும், திருமண ஜோடியில் ஏதாவது ஒன்று. ஆக ஏறக்குறைய எல்லாருக்கும் விடை 2. அப்புறம் 5 வரிக் குழுவில் "மூன்று" என்றவர் யார் என்று கணக்கெடுப்பாளருக்கே புரிந்துவிடும். துல்லியமும் ரகசியமும் ஒரே கயிற்றின் இரு முனைகள், ஒன்றை முழுவதும் இழுத்தால் மற்றது கையை விட்டுப் போகும்.

திருமண ஜோடி இருக்கட்டும். குப்பை, மரம் இரண்டையும் எடுத்துவிட்டு, பாதிப் பேருக்குப் பிடித்து பாதிப் பேருக்குப் பிடிக்காத இரண்டு வரிகளைப் போடுங்கள். பக்கத்து வீட்டில் நாய் வளர்ப்பது, இரவில் சத்தமாகப் பாட்டுப் போடுவது போல. அக்கம்பக்கத்துச் சங்கதி என்பதால் உங்கள் வரியும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது. 4 வரிக் குழுவின் விடை 1, 2, 3 என்று பரவும், விலக்கம் 0.7 பக்கம் நிற்கும். குழுவுக்கு 500 பேரில் ±9, இரட்டைப் பட்டியலில் ±7-க்குக் கீழே.

அடுத்த பைலட்டில் சராசரியை மட்டும் பார்க்காமல் முழுப் பங்கீட்டையும் (எந்த எண்ணை எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை) பாருங்கள். "2 அல்லது அதற்குக் கீழ்" சொன்னவர்களின் விகிதம் 5 வரிக் குழுவில் 4 வரிக் குழுவைவிட அதிகமாக இருக்கக் கூடாது. 0, 1, 3 ஒவ்வொன்றுக்கும் இதே சோதனை. தற்செயலுக்கு மீறி அதிகமாக இருந்தால், கூடுதல் வரியைப் பார்த்ததாலேயே மற்ற வரிகளுக்கான பதிலை ஆட்கள் மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியலோடு களத்துக்குப் போகாதீர்கள்.