‘பெரியவீட்டுச் சொந்தங்கள்’ குழு

பூரணம் மாமி: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! ஸ்கூல் வான் பிரண்டு 20 பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை. எல்லோருக்கும் அனுப்பவும்.

தர்சினி: ஐயோ எந்த ஸ்கூல்

தர்சினி: மாமி எந்த ஸ்கூல்???

வதனி அக்கா: ஒருவரும் பயப்படாதேங்கோ. விபத்து இல்லை. சனிக்கிழமை எங்கட ஆஸ்பத்திரியில் ஒத்திகை. அதற்கான கடிதத்தை யாரோ பாதி படம் எடுத்துப் போட்டிருக்கினம்.

பூரணம் மாமி: கோயில் குழுவில் வந்தது. நான் எழுதவில்லை.

கஜன்: சுனாமி வருது என்று போன மாசம் வந்ததும் கோயில் குழுதானே 😂

ரஞ்சன் சித்தப்பா கனடா: என்ன ஒத்திகை?

வதனி அக்கா: ஒரேயடியாகக் கனபேர் காயப்பட்டு வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கவேணும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு அட்டை கட்டுவோம். சிவப்பு என்றால் உடனே பார்க்கவேணும், மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம், பச்சை சின்னக் காயம், கறுப்பு இறந்த ஆள் அல்லது தப்ப வழியில்லாத ஆள். பிள்ளைகளுக்கு ஜம்ப்ஸ்டார்ட் என்று தனி முறை. பெரிய ஆளுக்கு மூச்சுவழியைத் திறந்தும் மூச்சு வராவிட்டால் கறுப்புத்தான். பிள்ளைக்கு நாடி இருந்தால் 5 தரம் ஊதிப் பார்க்கவேணும், மூச்சு எடுத்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு அநேகமாக முதலில் நிற்பது மூச்சு, பிறகுதான் இதயம். நிமிடத்துக்கு 15க்குக் கீழே, 45க்கு மேலே மூச்சு விட்டாலும் சிவப்பு. அப்புறம் மருந்து. அந்த அமளிக்குள் தராசு தேட ஏலாது. நிறம் நிறமாக ஒரு ரேப் (அளக்கும் நாடா) இருக்கு. தலையிலிருந்து குதிக்கால் வரை அளந்தால் நிறை, மூச்சுக்குப் போடும் குழாயின் அளவு, மருந்தின் அளவு எல்லாம் அந்தக் கட்டத்திலேயே இருக்கும். எங்களிடம் ஒன்றே ஒன்று. அதுவும் அலுமாரிக்குள், திறப்பு லீவில் நிற்கும் ஆளிடம்.

கஜன்: அக்கா இது வொய்ஸிலேயே சொல்லியிருக்கலாம்

பூரணம் மாமி: வேலிக்கும் அப்படி ரேப் பிடித்து அளந்திருந்தால் என் பக்கத்துக் கதியால் ஏன் நகருது

ரஞ்சன் சித்தப்பா கனடா: அக்கா அந்தக் கதை இங்கே வேண்டாம்

பூரணம் மாமி: நான் ஒன்றும் சொல்லவில்லை.

வதனி அக்கா: நடிக்கப் பிள்ளைகள் வேணும். தர்சினி உன் மூத்தவள், கஜன்ட பெடியன். ஒரு பிள்ளை தாய் தகப்பனைத் தவறவிட்டு வருவதாக நடிக்கவேணும். ‘என் பிள்ளை’ என்று யார் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுக்க ஏலாதுதானே. 2004 சுனாமிக்குள் கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆம் இலக்கத்தில் பதிந்த குழந்தையை 2005 மாசியில் டிஎன்ஏ பார்த்துத்தான் பெற்றவர்களிடம் கொடுத்தது.

தர்சினி: இரத்தம் மாதிரிப் பூசுவீங்களா? அவள் சிவப்பு மையைக் கண்டாலே அழுவாள்

வதனி அக்கா: அழட்டும். அழுகிற பிள்ளையின் நாடி பிடிக்கத்தான் புது நேர்ஸ்மார் பழகவேணும்.

கஜன்: என் ஆளுக்குக் கறுப்பு அட்டை வேணுமாம். சும்மா படுத்திருக்கலாமாம்

பூரணம் மாமி: சீ சீ வாயைக் கழுவச் சொல்லு. பச்சை கட்டு பிள்ளை.

வதனி அக்கா: நிறத்தை நான் பிரிப்பதில்லை மாமி.

ரஞ்சன் சித்தப்பா கனடா: அந்த ரேப் இங்கே வாங்கி அனுப்பட்டோ

தர்சினி: தண்ணி மோட்டருக்குப் பிறகோ சித்தப்பா 😅

ரஞ்சன் சித்தப்பா கனடா: அதுவும் வரும் அதுவும் வரும்

வதனி அக்கா: மேற்ரனிடம் கேட்டுச் சொல்கிறேன், நாங்களாக வாங்கி வைக்க ஏலாது. பிள்ளைகள் காலை 8 மணிக்கு வரவேணும். பழைய உடுப்பு போடுங்கோ, கத்தரிக்கோலால் வெட்டுவினம்.

தர்சினி: வெட்டுவினமோ??

பூரணம் மாமி: சாப்பாடு தருவினமோ

கஜன்: 8க்கு இவனுக்கு ரியூசன். மிஸ்ஸிடம் கேட்கவேணும்

தர்சினி: இவர் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்