பிரவுன் டெர்பி: தொப்பியைவிட அந்தக் கூரைதான் முக்கியம்

பிரவுன் டெர்பி என்பது லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் கூடிய உணவகங்களின் பெயர். டெர்பி என்றால் வட்டத் தொப்பி. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் தொப்பி வடிவில் கட்டிய அதன் முதல் கடையின் படத்தைத்தான் போடுகிறார்கள். நான் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இருக்கிறேன். நான்கு கிளைகள் இருந்த இடங்களையும் போய்ப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் தொப்பி வழிப்போக்கரை நிறுத்தியது, அவ்வளவுதான். அந்த உணவகங்களின் உயிர் ஹாலிவுட்டின் வைன் தெருவிலும், லாஸ் ஃபீலிஸ் என்ற பகுதியிலும் இருந்த கிளைகளில்தான் இருந்தது. அதில் ஒன்று போயே போய்விட்டது. இன்னொன்றை, அதன் மரக் கூரையோடு, ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டிக் காப்பாற்றினார்கள்.

தொப்பியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1926-இல் வில்ஷயர் புல்வார்டில், அம்பாசடர் ஓட்டலுக்கு எதிரில், ஹெர்பர்ட் சாம்போர்ன் என்பவர் இதைத் திறந்தார். நடிகை குளோரியா ஸ்வான்சனின் முன்னாள் கணவர் இவர். அம்பாசடருக்குள் கோகோநட் குரோவ் என்ற இரவு விடுதி இருந்தது. நடிகர் நடிகையர் அங்கே ஆடி முடித்துப் பசியோடு வெளியே வந்தால், எதிரிலேயே விளக்கு எரிகிற சாப்பாட்டுக் கடை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் பாதி வெற்றி. ஊரில் கார்கள் பெருகிய காலம் வேறு. வேகமாகப் போகிறவர் கண்ணில் படவேண்டும் என்று நாய் மாதிரி, காபிக் குவளை மாதிரியெல்லாம் கடை கட்டினார்கள். அந்த வரிசையில் இது ஒரு வட்டத் தொப்பி.

1980-இல் அதை மூடினார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் குவிமாடத்தை மட்டும் காப்பாற்றி, 1985-இல் அங்கே எழுந்த கடைத்தொகுதியின் மேல் தூக்கி வைத்தார்கள். இன்று அந்தப் பகுதி கொரியா டவுன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போய்க் காட்டினேன். கீழே வரிசையாகக் கடைப் பலகைகள், மேலே ஒரு மூலையில் அந்தக் குவிமாடம். விளிம்பு இல்லை, பழைய பழுப்பு நிறமும் இல்லை. "இதுல எங்கடா தொப்பி?" என்று கேட்டார். எதிரே இருந்த அம்பாசடர் ஓட்டலும் இப்போது இல்லை. 1968-இல் அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடி சுடப்பட்டது அந்த ஓட்டலில்தான். அதை இடித்துவிட்டு அவர் பெயரிலேயே பள்ளிக்கூடங்கள் கட்டியிருக்கிறார்கள்.

இனி வைன் தெரு. 1929, பிப்ரவரி 14-ஆம் தேதி ஹாலிவுட் கிளை திறந்தது. தொப்பி கிடையாது, சாதாரண ஸ்பானிய பாணிக் கட்டடம். ஆனால் பெயர் வாங்கியது இதுதான். காரணம், பக்கத்திலேயே ஸ்டுடியோக்கள். 1938 வாக்கில் என்பிசி, சிபிஎஸ் வானொலி நிலையங்களும் சன்செட் சாலையில் வந்து சேர்ந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் பேசியவர், பாடியவர், எழுதியவர், வாத்தியம் வாசித்தவர் எல்லாரும் நடந்தே வந்துவிடுவார்கள்.

இதை எனக்கு நேரில் சொன்னவர் ஒரு பெரியவர். லாஸ் ஃபீலிஸ் கட்டடத்தில் இப்போதுள்ள உணவகத்தில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து அவரே பேச்சுக்கொடுத்தார். அவருடைய அப்பா வானொலி இசைக்குழு ஒன்றில் வயலின் வாசித்தவராம். பையனாக இருந்தபோது பிறந்தநாளுக்கு வைன் தெரு டெர்பிக்கு அழைத்துப் போயிருக்கிறார். சாப்பிட்டது என்ன என்று அவருக்கு நினைவில்லை. தொலைபேசி நினைவிருக்கிறது. யாருக்காவது அழைப்பு வந்தால், பணியாளர் ஒருவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு பெயரைக் கூப்பிட்டபடியே மேசைகளுக்கு நடுவே வருவார். இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள துளையில் கம்பியைச் செருகிவிட்டுப் போவார். அந்த நேரம் அத்தனை தலைகளும் திரும்பும். அதற்காகவே வெளியிலிருந்து ஆள் வைத்துத் தன் பெயரைக் கூப்பிட வைத்த நடிகர்கள் உண்டு என்று அவர் அப்பா சொல்வாராம். வாய்ப்புத் தேடி அலைகிறவர்களுக்குத் தயாரிப்பாளர் காதில் பெயர் விழுந்தால் போதாதா!

அப்புறம் சுவர்கள். எடி விட்ச் என்ற போலந்து ஓவியர், சாப்பாட்டுக்குப் பதிலாக வாடிக்கையாளர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின் மற்றவர்களும் வரைந்தார்கள். படச்சட்டம் போட்டு வரிசை வரிசையாக மாட்டி, சுவரே தெரியாமல் போய்விட்டது. பெரியவர் உட்கார்ந்த இடத்துக்கு மேலே ஒரு பெரிய மூக்குக்காரரின் படம் இருந்ததாம். "அந்த மூக்கு யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது" என்றார். நடிகர் கிளார்க் கேபிள், நடிகை கரோல் லொம்பார்டிடம் திருமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டது இங்கே 5-ஆம் எண் இருக்கையில் என்பது ஹாலிவுட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கிசுகிசு எழுத்தாளர்கள் லூவெல்லா பார்சன்ஸும் ஹெடா ஹாப்பரும் இங்கே வந்து போனவர்கள்தான். அவர்கள் கண்ணில் பட்டால் மறுநாள் பேப்பரில் பெயர் வரும்.

சாம்போர்ன் 1934-இல் இறந்தபின் பொறுப்பு முழுக்க, உணவகத்தை நிர்வகித்துவந்த ராபர்ட் காப் கைக்கு வந்தது. காப் சாலட் அவர் பெயரில் வந்ததுதான். 1937-இல் ஒரு நாள் பின்னிரவில் பசியோடு குளிர்ப்பெட்டியைத் துழாவி, கிடைத்ததையெல்லாம் பொடியாக நறுக்கிக் கலந்தார் என்றும், கூட இருந்த திரையரங்க முதலாளி சிட் கிராமன் மறுநாள் வந்து அதையே கேட்டார் என்றும் சொல்வார்கள். ராத்திரி மிஞ்சியதைப் போட்டுக் கிளறி நம் வீடுகளில் புதுப் பலகாரம் பிறக்குமே, அதே கதை. லெட்யூஸ், வாட்டர்கிரெஸ் கீரை, கோழி, பன்றி இறைச்சி, வேகவைத்த முட்டை, தக்காளி, வெண்ணெய்ப்பழம், ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. எல்லாமே ஒரே அளவில் பொடியாக இருந்தால்தான் அது காப் சாலட். இன்று பல கடைகளில் பெரிய துண்டுகளாக வரிசைகட்டி வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வாயில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நான் வீட்டில் இறைச்சி இல்லாமல் செய்கிறேன்; கத்தி வேலைக்கே அரைமணி பிடிக்கிறது.

காப் வெறும் ஓட்டல்காரர் இல்லை. ஹாலிவுட் ஸ்டார்ஸ் என்ற பேஸ்பால் அணியின் உரிமையாளர்களில் முக்கியமானவர். கேரி கூப்பர், பார்பரா ஸ்டான்விக் போன்ற நட்சத்திர வாடிக்கையாளர்களையே அதில் பங்குதாரர்கள் ஆக்கினார். அவர் 1970-இல் காலமானார். வைன் தெரு கிளை 1985-இல் மூடியது. 1987-இல் தீ விபத்து, 1994 நிலநடுக்கத்துக்குப் பின் மிச்சமும் தரைமட்டம். நான் போய் நின்றபோது, நடைபாதையில் கலைஞர்கள் பெயரோடு பதித்திருக்கும் நட்சத்திரங்களைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு பேர் வேலை கிடைத்ததும் போனதும் அந்த மேசைகளில்தான்.

லாஸ் ஃபீலிஸ் கட்டடம் தப்பியது. முதலில் அது வில்லர்ட்ஸ் என்ற கோழிக்கறி உணவகம். 1940-இல் டெர்பி ஆனது. இயக்குநர் சிசில் பி. டெமில் இதில் பங்குதாரர். அவர் வீடும் அதே பகுதியில்தான். உள்ளே முறையான உணவகம், வெளியே காரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் வசதி. 1960-களில் பெயரும் கையும் மாறின. 1993-இல் 'தி டெர்பி' என்ற நடன விடுதியாகி, ஸ்விங் என்ற பழைய ஜாஸ் நடன இசைக்கு அங்கே திரும்பவும் கூட்டம் சேர்ந்தது. 2004-இல் நிலத்தை வாங்கியவர்கள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டார்கள். அக்கம்பக்கத்தார் விடவில்லை. 2006-இல் நகர மன்றம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நான் சொன்ன பெரியவரும் அப்போது கையெழுத்து வாங்கத் தெருத்தெருவாக அலைந்தாராம்.

உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். மரத்தாலான பெரிய குவிகூரை, நடுவை நோக்கிக் கூடும் உத்தரங்கள். 1940-இல் சாப்பிட்டவர் பார்த்த அதே மரம். வில்ஷயர் குவிமாடம் போல இடம் பெயர்ந்ததில்லை, அதன் கீழே இன்றும் ஆட்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

ஃபுளோரிடா டிஸ்னியில் 1989-இல் வைன் தெரு கிளையை நகலெடுத்துக் கட்டியதிலும் சாப்பிட்டிருக்கிறேன். கேலிச்சித்திரங்கள், காப் சாலட், கிரேப்ஃபுரூட் கேக் எல்லாம் உண்டு. கேக் நன்றாகவே இருந்தது. குழந்தைகளோடு போகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

வில்ஷயரும் ரோடியோ டிரைவும் சந்திக்கும் இடத்தில் 1931-இல் திறந்த பெவர்லி ஹில்ஸ் கிளை 80-களில் இடிக்கப்பட்டது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்திலேயே இங்கே படிக்கவோ வேலைக்கோ வந்து, உள்ளே போய்ச் சாப்பிட்ட நம்மவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். எங்கே உட்கார்ந்தீர்கள், சுவரில் யார் படம் இருந்தது, பில் எவ்வளவு வந்தது, எல்லாமே வேண்டும்.